திரைக்குக் கீழே பதினோரு குடும்பம்

டன்மோர் தோட்டம்,
அலோர் காஜா.
14 ஜூலை 2024

தம்பி வசந்தனுக்கு,

அக்கா பவானேஸ்வரி எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் வதனாவும் சுகமா? கடிதம் என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் கேட்கிறேன்.

என் நம்பரை வாட்ஸாப்பில் தடுத்துவிட்டாய். குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டியது தப்பு என்று என் வீட்டுக்காரரும் சொல்கிறார். இருக்கட்டும். அதற்காக வாயை மூடிக்கொண்டு கிடப்பேன் என்று நினைத்தாயா? பதிவுத் தபால் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் உன் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கடிதத்தின் நகல் குடியிருப்போர் சங்கத்தின் கோப்பில் சேரும், நான் செயலாளர் என்பதால். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தை விற்றாகிவிட்டது. லயத்து வீடுகளை இடிக்கும்முன் குடும்பத்துக்கு ஒரு மாற்று வீடு என்று பேச்சு. ஒரே கதவு நம்பரில் மகன் கல்யாணம் ஆகித் தனிக் குடும்பமாக இருந்தால் அவனுக்கும் ஒன்று. பாரத்தின் முன்பக்கம் வீட்டுத் தலைவர், பின்பக்கம் இரண்டாவது குடும்பம். அறுபத்து மூன்று பாரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு ஒரே கோப்பாக அனுப்பச் சொன்னார்கள். "நான் புரோகிராம் செஞ்சி தரேன்க்கா, ரெண்டு நாள் வேலதான்லா" என்று நீயாகத்தான் முன்வந்தாய்.

மார்ச்சில் நான் உட்கார்ந்து ஏற்றி அனுப்பினேன். போன வாரம் முடிவு வந்தது. அறுபத்து மூன்று கதவுக்கு அறுபத்து மூன்று வீடு. பின்பக்கத்தில் இருந்த பதினோரு குடும்பத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. அனுப்பிய கோப்பில் அவர்கள் பெயரே இல்லையாம். என் மாமியாருக்குப் பதினேழாம் நம்பருக்கான வீடு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா மகன் நல்லமுத்துவுக்கு வரவில்லை. நேற்றுக் கோயில் வாசலில் அவள் என்னை நிறுத்திக் கேட்டாள்: "ஏன் பவானி, நாங்க எழுதிக் குடுத்தத மட்டும் ஒங்க கம்ப்யூட்டர் முழுங்கிருச்சா? மருமவளயும் பிள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு என் மகன் எங்கலா போவான்?" பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

உன் புரோகிராமில் பின்பக்கத்தை எங்கே ஏற்றுவது? இதற்குப் பதில் எழுது. அதுவரைக்கும் நன்றாக இரு.

பவானேஸ்வரி

பாயான் லெப்பாஸ்,
பினாங்கு.
29 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் மாமியார் வேலாயி அத்தையின் மூட்டு வலி எப்படி? உங்கள் வீட்டுக்காரர் மணியம் மாமா இன்னும் லோரிதான் ஓட்டுகிறாரா? அத்தைக்கு வீடு கிடைத்ததில் சந்தோஷம், உங்களுக்கும் ஒரு கவலை விட்டது.

உங்கள் தபாலை ரிசெப்ஷனில் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கோர்ட்டிலிருந்தா என்று கேட்டார்கள்.

நிரலைத் திறந்து பார்த்தேன். என் திரையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. சாளரத்தின் அடியில் 'இதே கதவில் இரண்டாவது குடும்பம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் செய்தால் இன்னொரு சாளரம் திறந்து பின்பக்க விவரங்களைக் கேட்கும். அதற்கும் கீழே 'சேமி' பொத்தான். அந்தக் கட்டத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம். சாளரத்தைக் கொஞ்சம் கீழே உருட்டிப் பாருங்கள், அல்லது திரையில் எழுத்தளவைக் குறைத்துப் பாருங்கள். இந்த மாதிரிப் பயனர் தவறு எல்லா இடத்திலும் நடப்பதுதான், யாரையும் குறை சொல்வதில் பயனில்லை.

வேலை மிகுதி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
வசந்தன்

டன்மோர் தோட்டம்.
5 ஆகஸ்ட் 2024

வசந்தனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. வதனாவை மட்டும் கேட்டதாகச் சொல்.

பயனர் தவறாம். சாளரமாம். நம் தோட்டத்துப் பள்ளியில் தமிழில் நீ வாங்கிய மார்க் எனக்குத் தெரியும், விண்டோ என்றே எழுது. உருட்டினேன், அசையவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், அளவை மாற்ற முடியாதபடி நீ பூட்டி வைத்திருக்கிறாய். எழுத்தளவு ஏற்கெனவே கடைசிப் படியில்தான் இருக்கிறது. என் திரையில் கடைசியாகத் தெரிவது 'வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை' என்ற வரி. அதற்குக் கீழே கறுப்புப் பட்டை, அதற்கும் கீழே லேப்டாப்பின் பிளாஸ்டிக்.

மஸ்ஜித் தானாவில் நான் கணக்கெழுதும் இரும்புக் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலாளியின் பெரிய திரையில் ஒயரைச் செருகித் திறந்தேன். நீ சொன்ன கட்டம் அங்கே இருந்தது. வாழ்க்கையில் அன்றுதான் அதைப் பார்க்கிறேன். கடையில் ஆள் இருப்பதையும் மறந்து உன்னைத் திட்டினேன். ஆணி வாங்க வந்தவர் பயந்துபோய் வெளியே நின்றார்.

இந்த லேப்டாப்பைத் தெங்கேராவில் பழைய சாமான் கடையில் வாங்கிக் கொடுத்தது யார்? நீதான். "அக்காவுக்கு இது போதும்" என்றாய். திரை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியாதா? மார்ச் பதினாறாம் தேதி போனில் கேட்டேனே: "சேவ் பட்டன் எங்கடா?" நீ சொன்னாய்: "எண்டர் அடிங்கக்கா, சேவ் ஆயிரும்." "பின்பக்கம்?" "அது தானா கேக்கும்லா." அறுபத்து மூன்று தடவை எண்டர் அடித்தேன். அது கேட்கவில்லை. கடைசியில் மொத்தமாகக் கேட்டுக்கொள்ளும் போலிருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். எண்ணிப் பார்க்காதது என் தப்பு, அதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். உன் தப்பை நீ சொல்ல வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு நவம்பர் 15 கடைசி நாள். பட்டியல் போன பிறகு நாங்களாகப் பெயர் சேர்க்கிறோம் என்று வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குச் சந்தேகம். அதனால் புரோகிராம் எழுதியவரே, குறை என்ன, அது தனக்கு எப்போது தெரியும் என்று எழுதி, அடையாள அட்டையின் ஐசி நம்பரோடு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாவிட்டால் பாரத்தின் பின்பக்கத்தைத் தொடவே மாட்டார்களாம். விடுபட்ட குடும்பங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். ஒரு தாள்தான். முழுதும் படி.

கையெழுத்தோடு வரும் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,
பவானேஸ்வரி

பாயான் லெப்பாஸ்.
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம், நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆபீஸில் பெரிய வேலை ஒன்று கைக்கு வந்திருக்கிறது.

இத்துடன் பென்டிரைவில் புதிய பதிப்பு அனுப்பியிருக்கிறேன். பழையதை அழித்துவிட்டு இதைப் போடுங்கள். அடிப்பகுதி இப்போது எந்தத் திரையிலும் வரும். இனி பிரச்சினை இருக்காது.

பட்டியல் பார்த்தேன். நல்லமுத்து பெயர் முதலில் இருந்தது. சின்ன வயதில் என்னோடு பந்து விளையாடியவன். வருத்தமாக இருந்தது.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

வசந்தன்

டன்மோர் தோட்டம்.
9 செப்டம்பர் 2024

வசந்தனுக்கு,

நாங்கள் நலம், உன் பென்டிரைவுக்குத்தான் நலமில்லை.

போட்டேன். கிளிக் செய்தேன். டிங் என்று ஒரு சத்தம். விண்டோ வரவில்லை. கீழ்ப் பட்டையில் அதன் சின்னம் மட்டும் இருக்கிறது. ஐந்து தடவை திறந்தேன், ஐந்து டிங். சங்கத் தலைவர் முனுசாமி அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல அடிப்பக்கம் மட்டும் காணோம். இப்ப முழுசும் காணோம். தம்பி நல்லா முன்னேறி வராருலா." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானே தேடிப் படித்தேன். உன் மேசையில் இரண்டு திரை. விண்டோவை வலதுபக்கத் திரையில் வைத்து மூடியிருக்கிறாய். புரோகிராம் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இங்கே இல்லாத இரண்டாவது திரையில் போய்த் திறக்கிறது. ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, எம் அடித்து, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் இழுத்து வரலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இழுத்து வந்தேன். உருட்டும் பட்டை போட்டிருக்கிறாய். மார்ச்சில் போட்டிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன்.

பழையதை அழிக்கச் சொன்னாயே, அழிக்கவில்லை. நோட்பேடில் திறந்தேன். பத்து வருடத்துக்கு முன் மாலை வகுப்பில் படித்தது கொஞ்சம் மீதி இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் எக்ஸ் இத்தனை, ஒய் இத்தனை என்று ஆணி அடித்து வைத்திருக்கிறாய். இதற்குப் பிளேஸ் என்று பெயராம். அதே கருவித்தொகுப்பில் கிரிட் என்று ஒன்று இருக்கிறது. எது எந்த வரிசை, எந்தப் பத்தி என்று சொல்லிவிட்டால் போதும், விண்டோ விரிந்தால் விரிந்து, சுருங்கினால் சுருங்கும் என்று படித்தேன். இரும்புக் கடையில் கணக்கெழுதும் கிராணிக்கு ஒரு வாரத்தில் புரிந்தது இன்ஜினியருக்குப் புரியாமல் போகாது.

இரண்டாவது குடும்பத்துக்கான கட்டம் ஒய் 868-இல் இருக்கிறது. என் திரை 768 புள்ளியோடு முடிகிறது.

புதிய பதிப்பு எனக்கு வேண்டாம், கையெழுத்து வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த அடிப்பகுதி என் திரையில் தெரியாது என்பது உனக்கு எப்போது தெரியும்? அவசரப்படாமல் யோசித்து எழுது.

பவானேஸ்வரி

பாயான் லெப்பாஸ்.
30 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே தினமும் மழை. வதனாவுக்கு ஏழாம் மாதம். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார். கால் மட்டும் வீங்குகிறது. அத்தையிடம் ஏதாவது கைவைத்தியம் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

கையெழுத்து விஷயம் நீங்கள் நினைப்பதுபோல் சுலபமில்லை. அந்த நிரலை நான் ஆபீஸிலும் காட்டியிருக்கிறேன். இங்கே சட்டப் பிரிவைக் கேட்காமல் எதிலும் ஒப்பமிட முடியாது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு பெரிய திரை வாங்கி அனுப்பட்டுமா? கண்ணுக்கும் நல்லது.

வசந்தன்

டன்மோர் தோட்டம்.
7 அக்டோபர் 2024

வசந்தனுக்கு,

வதனாவுக்குக் கால் வீங்கினால் பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லு. உப்பைக் குறைக்கச் சொல்லு. முகமும் வீங்கினால் உடனே டாக்டரிடம் போகட்டும். இதை என் மாமியார் சொல்லச் சொன்னார். அவளிடம் எனக்குக் கோபமில்லை.

பெரிய திரையா? எனக்கா? பெரிய திரையை நீ உன் தலைமேல் வைத்துக்கொள்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். உன் புரோகிராமின் 212ஆவது வரியில், அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் படிக்காத, மனிதர் மட்டும் படிக்கிற ஒரு குறிப்பை மலாயில் எழுதி வைத்திருக்கிறாய்: "லேப்டாப் கக்காக் 768, பாவா தா நம்பாக், நந்தி பெத்துல்கான்." அக்கா லேப்டாப் 768, அடி தெரியாது, அப்புறம் சரி பண்ணலாம். தேதியும் போட்டிருக்கிறாய், மார்ச் 12. நான் போன் பண்ணியது மார்ச் 16. தெரிந்துகொண்டே "எண்டர் அடிங்கக்கா" என்றாய்.

செப்டம்பர் மாதமே இதைப் பார்த்துவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று விட்டுவைத்தேன். நீ மழையைப் பற்றி எழுதினாய்.

இந்தக் குறிப்பை அச்செடுத்து நானே கொடுத்துவிடலாமே என்று முனுசாமி அண்ணன் கேட்டார். அதை நானே தட்டியிருக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். நீ சொன்னால்தான் எடுபடும். நல்லமுத்து மனைவி குழந்தைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குஞ்சம்மா என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். சாத்தட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. உனக்குச் சாத்தும் உரிமை இல்லை. எழுது.

பவானேஸ்வரி

பினாங்கு.
24 அக்டோபர் 2024

இந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

அன்புள்ள அக்காவுக்கு,

வதனாவுக்கு இப்போது பரவாயில்லை. அத்தைக்கு நன்றி சொல்லுங்கள்.

தெரியும் அக்கா. மார்ச் 12 அன்றே தெரியும். என் பெரிய திரையில் ஒவ்வொரு பெட்டியையும் கையால் தூக்கி வைத்து அழகு பார்த்தேன். முடித்த பிறகுதான் உங்கள் லேப்டாப் ஞாபகம் வந்தது. அந்த அளவுக்குத் திரையை மாற்றிப் பார்த்தேன், அடிப்பகுதி முழுவதும் வெளியே போயிருந்தது. சரி செய்ய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். மறுநாள் அதை மேலாளரிடம் காட்டுவதாக இருந்தது. முதலில் காட்டிவிடலாம், அக்காவுக்கு அடுத்த வாரம் சரி செய்து அனுப்பலாம் என்று நினைத்தேன். தானாகக் கேட்கும் என்று உங்களிடம் சொன்னது, அதற்குள் கேட்கும்படி செய்துவிடுவேன் என்ற நம்பிக்கையில்தான். மேலாளருக்குப் பிடித்துவிட்டது. வேறு இரண்டு சங்கங்களுக்கும் கொடுத்தார்கள். அந்த வேலையில் உங்களை மறந்துவிட்டேன். ஞாபகம் வந்தபோது நீங்கள் அனுப்பி முடித்திருந்தீர்கள். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன்.

குழுவில் நீங்கள் திட்டியதற்காக உங்களைத் தடுக்கவில்லை. நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரிந்ததால் தடுத்தேன்.

நான் கையெழுத்துப் போட்டால், தெரிந்தே குறையோடு கொடுத்தவன் என்று ஆகிவிடும். இந்த வேலை போனால் இந்தத் துறையில் வேறு யார் என்னை எடுப்பார்கள்? டிசம்பரில் குழந்தை. நீங்கள் என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.

தீபாவளி வாழ்த்துகள்.

உங்கள் தம்பி,
வசந்தன்

டன்மோர் தோட்டம்.
28 அக்டோபர் 2024

வசந்தனுக்கு,

இங்கே நலம். உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

நகல் எடுக்கவில்லை. எடுக்க ஆசை இருந்தது. கடையில் நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து அதன்மேல் வைத்தும் விட்டேன். முதல் வரியைப் படித்ததும் தாளைத் திரும்ப எடுத்துவிட்டேன். சேர்க்க வேண்டாம் என்று என்னை நம்பி எழுதியதை நான் திருட மாட்டேன். "எண்டர் அடிங்க, தானா கேக்கும்" என்று நீ சொன்னதை நான் நம்பினேனே, அதுபோல் நம்பியிருக்கிறாய். நம்பியவரை ஏமாற்றினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் நல்ல கடிதம். தொடங்கியதிலிருந்து நீ எழுதிய ஒரே உண்மைக் கடிதமும் அதுதான்.

இந்த வருடம் நம் லயத்தில் பதினோரு வீட்டில் பலகாரம் சுடவில்லை. மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

பவானேஸ்வரி

பினாங்கு.
6 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதத்தையே அனுப்புகிறேன். முதல் வரியை அடித்துவிட்டேன். அடியில் ஐசி நம்பரும் கையெழுத்தும் இருக்கின்றன. தனியாக ஒரு வாக்குமூலமும் வைத்திருக்கிறேன், அதில் 212ஆவது வரியும் தேதியும் இருக்கின்றன. மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த இரண்டு சங்கங்களுக்கும் இன்று எச்சரிக்கை போய்விட்டது. என்னை என்ன செய்வார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. வதனா அழுதாள். பிறகு, முதலிலேயே செய்திருக்கலாம் என்றாள்.

தீபாவளியன்று உங்கள் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் முன்பக்கம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பத்துப் பெயர். நீங்கள் பதினொன்று என்று எழுதியிருந்தீர்களே என்று தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. கதவு நம்பர் 17, இரண்டாவது குடும்பம், மணியம், பவானேஸ்வரி.

அத்தைக்கு வீடு வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதும் உங்களுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். ஐந்து கடிதம் எழுதினீர்கள். ஒன்றில்கூட ஏன் சொல்லவில்லை அக்கா?

வசந்தன்

டன்மோர் தோட்டம்.
20 நவம்பர் 2024

தம்பி வசந்தனுக்கு,

நாங்கள் நலம். வதனாவுக்கு வீக்கம் வடிந்ததா?

உன் கடிதம் 11ஆம் தேதி கிடைத்தது. 13ஆம் தேதி மேல்முறையீட்டைக் கொடுத்தோம். நேற்று விசாரணை. நான் அந்த லேப்டாப்பையே கொண்டுபோனேன். உன் பழைய விண்டோவைத் திறந்து காட்டினேன். விசாரித்த அதிகாரி அம்மா திரையின் அடி ஓரத்தில் விரலை வைத்து, அதற்கும் கீழே மேசைமேல் தட்டி, "டி சினி கா?" என்று கேட்டார். ஆமாம், இங்கேதான் என்றேன். பிறகு, அதையே நான் கிரிட்டில் மாற்றி அடுக்கிய விண்டோவைத் திறந்தேன். அடி வரி தெரிந்தது. உன் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். பாரங்களின் பின்பக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். பதினோரு குடும்பத்துக்கும் வீடு உண்டு என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

இன்று காலை சங்கத்தில் மற்றப் பத்துக் குடும்பத்தாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவரவர் கண் முன்னாலேயே ஏற்றினேன். நல்லமுத்துதான் முதலில். குஞ்சம்மா கட்டத்தில் டிக் விழுவதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுதானாலா?" என்றாள். அப்புறம் எழுந்து போய் எனக்குத் தேநீர் வாங்கி வந்தாள். என் பெயரைக் கடைசியில் ஏற்றினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்லியிருந்தால் அக்காவுக்காகச் செய்திருப்பாய். பத்து வீட்டுக்காகச் செய்கிறாயா என்று பார்க்க நினைத்தேன். அதனால்தான் அந்த ஒரு வரியைப் பின்பக்கத்தில் போட்டேன். முழுதும் படி என்றும் எழுதினேன். பத்துப் பெயரும் ஆகஸ்டிலேயே உன் கையில் இருந்தன. உன்னோடு பந்து விளையாடியவன் பெயர் முதலில் இருந்தது. வருத்தமாக இருந்தது என்று எழுதிவிட்டு மூன்று மாதம் சும்மா இருந்தாய். என் பெயரைப் பார்த்த ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட்டாய்.

நீ செய்தது நல்ல காரியம்தான், அதற்கு நன்றி. சங்கத்தின் சார்பிலும் நன்றிக் கடிதம் தனியாக வரும், முனுசாமி அண்ணன் கையெழுத்தில். ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை, இன்னும் கூடியிருக்கிறது. வேலை போனால் இங்கே வந்துவிடுங்கள். புதிய வீட்டில் ஓர் அறை உங்களுக்கு உண்டு. குழந்தையையும் நான் தூக்குவேன். அப்போதும் உன்மேல் கோபமாகத்தான் இருப்பேன்.

வாட்ஸாப்பில் என் நம்பரைத் திறந்துவிட்டதாக வதனா சொன்னாள். நேற்றிலிருந்து நான் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். எழுதுவதானால் தபாலில் எழுது. தாளின் இரண்டு பக்கமும் எழுதலாம், நான் திருப்பிப் பார்ப்பேன்.

அக்கா,
பவானேஸ்வரி